‘ஒன்றுமில்லை’ என்று எழுதிய கட்டுரை

காலையில் வேலைக்குப் பேர் கொடுக்கக் கூடும் பெரட்டுக்களத்தில் பெண்கள் வரிசையாக நின்று, இரண்டு கைகளையும் முன்னால் நீட்டி, பொத்துவதும் விரிப்பதுமாகத் தங்களுக்குள் சிரித்துக்கொண்டிருந்த அந்தக் காலை இன்னும் என் கண்ணை விட்டுப் போகவில்லை. இலங்கை மலைநாட்டில், பொகவந்தலாவைக்கு மேலே இருக்கிறது எங்கள் தேயிலைத் தோட்டம். பனி கலையவில்லை. எல்லார் முதுகிலும் வெறும் கூடை. கூடைக் கயிறு, தலையில் மடித்துப் போட்ட துணியின் மேல் வழக்கம்போல அழுந்திக் கிடந்தது. எதிரே, சேலைத் தலைப்பை இடுப்பில் செருகி, குடையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, கையில் கடிகாரத்தோடு பேராசிரியர் நின்றார். “நல்லாப் பொத்தி விரியுங்கோ. ஏலுமான அளவு கெதியாச் செய்யுங்கோ” என்றார். அவருடைய யாழ்ப்பாணப் பேச்சு பிடிபடாமல் பெண்கள் என் முகத்தைப் பார்த்தார்கள். “வெரசா செய்யச் சொல்றாங்க” என்றேன். அவ்வளவுதான். வெரசாகச் செய்ய எங்கள் தோட்டத்துப் பெண்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. கைகள் பறந்தன. எண்ணிக்கொண்டிருந்த எனக்கு நாக்கு குழறியது. மலைக்கு ஏற நேரமாகிறது என்று கங்காணி பின்னாலிருந்து கத்திக்கொண்டே இருந்தார்.

நான் அப்போது பக்கத்து டவுனில் இருந்த அரசாங்க ஆஸ்பத்திரியில் பிசியோ. கை கால் விழுந்தவர்களைப் பிடித்து நடக்கவைக்கிற வேலை. பிறந்தது அதே தோட்டத்து லயத்தில், தொழிலாளர்களுக்கென்று வரிசையாகக் கட்டிய வீடுகளில் ஒன்றில். படித்தது ஹட்டனில். பேராசிரியருக்குத் தோட்டத்துப் பேச்சு தெரிந்த, லயத்துக்குள் போனால் நாய் குரைக்காத ஓர் ஆள் தேவைப்பட்டது. ஆஸ்பத்திரியில் என்னைக் கைகாட்டிவிட்டார்கள். அவர் கண்டியில் மூளைக்கும் நரம்புக்கும் சத்திரசிகிச்சை செய்கிறவர். மண்டையில் அடிபட்டவர்களைப் பற்றி அவர் எழுதிய கட்டுரைகளை வெளிநாட்டு வைத்தியர்கள் மேற்கோள் காட்டுகிறார்கள் என்று இளம் டாக்டர்கள் பயபக்தியோடு சொல்வார்கள். அதில் பயம்தான் அதிகம். அவர் வார்டுக்குள் நுழைகிறார் என்றால் பாதிப் பேர் பாத்ரூமுக்குள் போய் நின்றுகொள்வார்கள். பயிற்சிக்காகக் கண்டிக்குப் போயிருந்தபோது நானும் ஒருமுறை நின்றிருக்கிறேன்.

அப்படிப்பட்டவரை மலைக்கு இழுத்து வந்ததும் ஒரு பயம்தான். கொழுந்தெடுக்கும் பெண்கள் சிலர் கையும் காலும் விறைத்துப்போய், கட்டையைத் தூக்குகிற மாதிரித் தூக்கப்பட்டு அவரிடம் வந்து சேர்ந்திருந்தார்கள். கழுத்தெலும்பு தேய்ந்து, உள்ளே ஓடும் நரம்புத்தண்டை நெரித்திருந்தது. கயிற்றைத் தலையில் மாட்டிப் பாரம் சுமப்பது அந்தத் தேய்மானத்தைச் சீக்கிரமாக்குகிறதோ என்று அவருக்குச் சந்தேகம். நெரிபட்ட தண்டு பழையபடி ஆகாது. கத்தி வைத்து, மேலும் நெரிபடாமல் தடுக்கலாம், அவ்வளவுதான். ஆகையால் முன்கூட்டியே கண்டுபிடித்தாக வேண்டும். ஸ்கேன் எடுக்கக் கண்டிக்குத்தான் போக வேண்டும், அங்கேயோ வரிசை அனுமார் வால். எல்லாரையும் அனுப்ப வழியில்லை. யாரை அனுப்புவது என்று பார்க்கத்தான் இந்தக் கைப் பரிசோதனை. தண்டு நெரிபட ஆரம்பித்தால் கையைப் பொத்தி விரிக்கும் வேகம் குறையும் என்று வேறு நாடுகளில் ஏற்கெனவே எழுதியிருந்தார்கள். செலவில்லாத, ஊசியில்லாத பரிசோதனை. எங்கள் மலைக்கென்றே செய்தது போல இருந்தது.

அன்றைக்கு எல்லாரையும் தோற்கடித்தவள் எங்கள் லயத்துக் கடைசிக் காம்பராவில், கடைசி அறையில், இருந்த அக்கா. இரத்த உறவு இல்லை, ஆனாலும் சின்ன வயதிலிருந்து எனக்கு அவள் அக்காதான். தோட்டத்திலேயே வேகமான கை என்று பெயர் வாங்கியவள். வாயும் அதே வேகம். “என்னாங்க டாக்டரம்மா, இப்புடிக் கைய ஆட்டுனா எங்களுக்கு இன்னைக்கிப் பேர் போட்டுருவாங்களா?” என்று பேராசிரியரைப் பார்த்துக் கேட்டாள். பேர் போடுவது என்றால் அன்றைய வேலையைப் பதிவது. நான் விளக்கிச் சொன்னதும், சிரிப்புக்கும் தனக்கும் சம்பந்தமே இல்லாத பேராசிரியர் வாய்விட்டுச் சிரித்தார். வேகத்தில் அக்காவுக்கு அடுத்தது என் அம்மா. “இவைக்கு ஒண்டும் இல்லை” என்று பேராசிரியர் இரண்டு பேரையும் காட்டிச் சொன்னார். அம்மாவின் முகத்தில் ஏற்பட்ட பெருமையைப் பார்க்க வேண்டுமே. நான் பிசியோ ஆனபோதுகூட அவள் முகம் அப்படி மலர்ந்ததில்லை.

இப்படிப் பல தோட்டங்களில் பார்த்தோம். கை மந்தமாக இருந்த சிலரைக் கண்டிக்கு அனுப்பினோம். அவர்களில் சிலருக்குத் தக்க நேரத்தில் சத்திரசிகிச்சை நடந்தது. மற்ற எல்லாருக்கும் ஒன்றுமில்லை என்று சொல்லி மலைக்கு அனுப்பிவைத்தோம். பிறகு இந்தப் பரிசோதனையைப் பற்றிப் பேராசிரியர் எழுதிய கட்டுரை வெளிவந்தது. தேயிலை விளைகிற வேறு நாடுகளிலிருந்தும் வைத்தியர்கள் பேராசிரியருக்கு எழுதினார்கள். எங்கள் பக்கத்தில் சில தோட்டத்து மருந்துக் காம்பராக்களில் அந்தப் பரிசோதனை வழக்கமாகவே ஆகிவிட்டது. கையை வெரசாகப் பொத்தி விரித்தால் ஸ்கேன் வேண்டாம். அந்தக் கட்டுரையை நான் லயத்துக்குக் கொண்டுபோய் அம்மாவுக்குத் தமிழில் சொல்லிக் காட்டினேன். அச்சில் வந்ததென்றால் அம்மாவுக்கு அது சாமி வாக்கு. “நம்ம கையப் பத்தி வெள்ளக்காரன் வாசிக்கிறானா?” என்று திரும்பத் திரும்பக் கேட்டாள்.

அதற்குப் பிறகு ஒருநாள், மழை விட்ட பின்னேரம், அம்மா பீலியில் விழுந்தாள். மலை ஊற்றிலிருந்து குழாய் வழியாகத் தண்ணீர் கொட்டுகிற இடம்தான் பீலி, லயம் முழுவதும் குளிப்பதும் துவைப்பதும் அங்கேதான். முகத்தில் சோப்பைப் போட்டுக் கண்ணை மூடியவள், கால் இடறவில்லை, கத்தவில்லை, வெட்டிய மரம் மாதிரி அப்படியே சாய்ந்திருக்கிறாள். பாசி வழுக்கியது என்றார்கள். அடுத்த தடவையும் அதே போல, முகத்தில் சோப்பு இருக்கும்போதே விழுந்தாள். அதற்கு முன்பே இன்னொருத்தி அங்கே அப்படி விழுந்திருந்ததால் பாசியை விட்டுவிட்டுப் பீலிக்கரை முனியைப் பிடித்துக்கொண்டார்கள். கண்ணை மூடுகிறவர்களை முனி பிடித்துத் தள்ளுகிறதாம். கோடாங்கியைக் கூட்டிவந்து உடுக்கடித்து அம்மாவின் கையில் கறுப்புக் கயிறு கட்டினார்கள். முகம் கழுவும்போது இன்னொருத்தி தோளைப் பிடித்துக்கொள்ள வேண்டும் என்று லயத்தில் ஒரு சட்டமே வந்துவிட்டது. தனியாகப் போகிறவர்கள் கண்ணைத் திறந்துகொண்டே சோப்புப் போட்டு, கண் சிவக்க வந்தார்கள்.

நான் கேட்ட மாத்திரத்தில் நடுங்கிப்போனேன். முனிக்காக அல்ல. காலடியில் தரை எங்கே இருக்கிறது என்ற சேதி கழுத்தைத் தாண்டி மூளைக்குப் போகாவிட்டால், மனிதர்கள் கண்ணால்தான் நிற்பார்கள். கண்ணை மூடினால் விழுவார்கள். என் வேலையில் முதல் வருஷமே படிக்கிற பாடம் அது. லீவு போட்டுவிட்டு லயத்துக்கு ஓடினேன். குறுக்குப் பாதையில் அம்மா எனக்கு முன்னால் நடந்தாள். ஒரு செருப்பு காலிலிருந்து கழன்று பின்னால் கிடந்தது. அவள் அது தெரியாமலே வெறுங்காலோடு போய்க்கொண்டிருந்தாள். செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு பின்னாலேயே போனேன். காம்பராவுக்குள் வந்ததும் அம்மாவின் ரவிக்கையைப் பார்த்தேன். ஊக்குகளை மாட்டாமல் சேலையால் மூடியிருந்தாள். கேட்டால், குளிரில் விரல் மரத்துப்போகிறது என்றாள்.

“கையப் பொத்தி விரிங்கம்மா” என்றேன். விரித்தாள். என்ன வேகம்! அந்தப் பெரட்டுக்களத்துக் காலையில் இருந்த அதே வேகம். எனக்கு நம்புவதா வேண்டாமா என்று தெரியவில்லை. கால் ஒன்று சொல்கிறது, கை ஒன்று சொல்கிறது. “எதுக்கும் கண்டிக்கிப் போயி ஒரு படம் எடுத்துப் பாத்துருவோம்” என்று கெஞ்சினேன். அம்மா மசியவில்லை. “என்னாத்துக்கு? ஒங்க டாக்டரம்மாவே எனக்கு ஒன்னும் இல்லன்னு பொஸ்தகத்துல போட்டுட்டாங்க. நீதானே வாசிச்சுக் காட்டுன? இப்ப நீ அவங்களவிடப் பெரிய ஆளாயிட்டியா?” என்று கேட்டாள். அம்மாவை விடுங்கள், எங்கள் ஆஸ்பத்திரி டாக்டரும் அதையேதான் சொன்னார். கை வேகமாக இருக்கிறது, கட்டுரையில் தெளிவாக எழுதியிருக்கிறது, இதற்கெல்லாம் ஸ்கேனுக்குக் கடிதம் கொடுத்தால் கண்டியில் தன்னைத்தான் திட்டுவார்கள் என்றார். அம்மா தினமும் கூடையைத் தலையில் மாட்டிக்கொண்டு மலைக்குப் போய்க்கொண்டிருந்தாள். கயிறு இறுகுவதை நினைக்கும்போதெல்லாம் என் கழுத்து கூசும். ஒருநாள் காலை அவள் எழுந்திருக்க முடியாமல் கிடப்பாள், அப்போது எல்லாரும் கடிதம் கொடுப்பார்கள் என்று தோன்றியது.

மிச்சம் இருந்தது ஒரே ஒரு வழி. பேராசிரியருக்கே போன் பண்ண வேண்டும். ஊரெல்லாம், உலகமெல்லாம் வாசிக்கிற கட்டுரையை எழுதியவரிடம், உங்கள் கட்டுரை என் அம்மா விஷயத்தில் பொருந்தவில்லை என்று எந்த வாயால் சொல்வது? ஆஸ்பத்திரிக்குப் பின்னால் இருந்த தண்ணீர்த் தாங்கியடியில் நின்று, எண்ணை அழுத்துவதும் வெட்டுவதுமாக இருந்தேன். கடைசியில் எடுத்துவிட்டார். நான் உளறியதை முழுக்கக் கேட்டார். பீலியில் விழுந்தது, கண்ணை மூடியது, செருப்பு, ஊக்கு, எல்லாம். தொலைந்தேன் என்று நினைத்தேன். “கை?” என்றார். “கை நல்ல வேகம் மேடம்” என்றேன். “ஞாயிற்றுக்கிழமை நான் வாறன். அதுவரைக்கும் அம்மாவைக் கூடை தூக்க விடாதேங்கோ” என்று வைத்துவிட்டார். பயம் அப்போதுதான் சரியாகப் பிடித்தது. அவர் திட்டியிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

வந்தார். ரோட்டு முடிந்த இடத்தில் காரை விட்டுவிட்டு, படிக்கட்டில் மூச்சு வாங்க ஏறி வந்தார். வாசலில் வெளிச்சம் நன்றாக இருந்த இடத்தில் அம்மாவை உட்காரவைத்து, கையைப் பொத்தி விரிக்கச் சொன்னார். அம்மா விளாசித் தள்ளினாள். “பாத்தீங்களாங்க?” என்று அவரிடம் கேட்டுவிட்டு, என்னைப் பார்த்து ஒரு முறைப்பு வேறு. பேராசிரியர் இந்தத் தடவை கடிகாரத்தை வெளியே எடுக்கவேயில்லை. குனிந்து, அம்மாவின் மணிக்கட்டுக்குப் பக்கத்தில் முகத்தை வைத்துக்கொண்டு, “இன்னொருக்கா” என்றார். பிறகு, “இன்னொருக்கா.” மூன்றாவது தடவை அந்தக் கையைச் சுட்டிக்காட்டினார். “சின்னவிரலைப் பாருங்கோ பிள்ளை” என்றார் என்னிடம்.

பார்த்தேன். பெருவிரலும் அடுத்த இரண்டு விரல்களும் மட்டும் படபடவென்று வேலை செய்தன, மணிக்கட்டு ஒரு சுண்டு சுண்டியது. சின்னவிரலும் மோதிரவிரலும் மடங்கியது மடங்கியபடியே இருந்தன. கொழுந்தெடுக்கும் கை அப்படித்தான். மூன்று விரல் கிள்ளும், மற்ற இரண்டும் கிள்ளிய கொழுந்தை உள்ளங்கையில் மடக்கிப் பிடித்துக்கொள்ளும். கைநிறையச் சேர்ந்ததும் தோளுக்கு மேலால் கூடைக்குள் எறிவார்கள். நாள் முழுக்க, வருஷம் முழுக்க மடங்கியே இருக்கிற விரல்கள். அவை நிமிராமல் போனதை யார் கவனிப்பார்கள்? விரைவாகச் செய் என்றதும் அந்தப் பெண்கள் தங்களுக்குத் தெரிந்த வேகத்தைச் செய்தார்கள். ஆகாயத்தில் கொழுந்து கிள்ளினார்கள். அதைத்தான் நாங்கள் கை விரிகிறது என்று எண்ணியிருந்தோம். “எல்லா விரலையும் ஒட்டினாப்போல நீட்டி வைச்சிருங்கோ அம்மா” என்றார் பேராசிரியர். அம்மா நீட்டினாள். கொஞ்ச நேரத்தில் சின்னவிரல் தானாகவே மெல்ல மெல்ல விலகி, தாழ்ந்து, உள்ளே மடங்கியது. அம்மாவுக்கு அது தெரியவேயில்லை. நேராக வைத்திருப்பதாகவே நினைத்துக்கொண்டிருந்தாள். எழுந்து நின்று கண்ணை மூடச் சொன்னார். மூடியதும் சாய்ந்தவளை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். “முனி இங்கயும் வந்துருச்சா?” என்று கேட்டாள் அம்மா.

பேராசிரியர் பலகைக் கட்டிலில் உட்கார்ந்தார். போட்டுக் கொடுத்த தேத்தண்ணி அப்படியே ஆறிப்போனது. “அம்மா, உங்கட கழுத்துக்குள்ள வருத்தம் இருக்கு. நான் எழுதினது பிழை. நான் எண்ணினனான், வடிவாப் பாக்கேல்ல” என்றார். அம்மாவுக்கு இது ஏறவில்லை. “அச்சுல வந்தது எப்புடிங்க பிழையாகும்?” என்றாள். “அச்சடிச்சதும் நான் சொன்னதைத்தானே அம்மா.” அம்மா தன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். “கத்தி வச்சா கை பழையபடி வந்துருங்களா?” “போனது வருமெண்டு நான் சொல்லமாட்டன். இனிமேல் போகாமப் பாக்கலாம்.” “கத்தி வைக்கையில எதாச்சும் ஆயிருச்சுன்னா?” “ஆகலாம். கனபேருக்கு ஆகிறேல்ல. ஆனா ஆகலாம்.” எனக்கு அவர் வாயைப் பொத்த வேண்டும் போல இருந்தது. ஒரு பொய் சொன்னால் என்ன, பயந்த மனுஷிக்கு ஒரு சின்னப் பொய் சொன்னால் என்ன குறைந்துவிடும் என்று உள்ளுக்குள் பொருமினேன். ஆனால் அம்மா என் பக்கம் திரும்பி, “பொய் சொல்ல மாட்டேங்கிறாங்க. அப்ப போவோம் புள்ள” என்றாள்.

ஸ்கேன் படத்தில், அம்மாவின் நரம்புத்தண்டு ஒரு இடத்தில் நூலாக மெலிந்திருந்தது. சத்திரசிகிச்சை அன்று காலை தள்ளுவண்டியில் படுக்கவைத்தபோது அம்மா என் விரலைப் பிடித்தாள். பிடி இறுகவில்லை. இறுக்கிப் பிடிக்கத்தான் பார்க்கிறாள், முடியவில்லை என்று எனக்குத் தெரிந்தது. கதவு மூடியபிறகு வெளியே பெஞ்சில் உட்கார்ந்து தெரிந்த சாமிகளையெல்லாம் கூப்பிட்டேன். பீலிக்கரை முனியைக்கூடக் கூப்பிட்டேன், ஏளனம் பண்ணியதை மனதில் வைத்துக்கொள்ளாதே என்று. நான் எத்தனையோ பேரைச் சத்திரசிகிச்சைக்குப் பிறகு நடக்கவைத்தவள். நடக்காமல் போனவர்களையும் எனக்குத் தெரியும். அந்தப் பெஞ்சில் எனக்கு ஞாபகம் வந்தது நடக்காதவர்களின் முகங்கள் மட்டும்தான். மத்தியானம் தாண்டிப் பேராசிரியர் வெளியே வந்தார். முகக்கவசத்தை இறக்கி, “காலை அசைக்கிறா” என்றார். அவர் கண்ணும் என் கண்ணைப் போலக் கலங்கித்தான் இருந்தது.

அம்மா இப்போது என்னோடு டவுனில் இருக்கிறாள். கைத்தடியோடு நடப்பாள். கோப்பை அவ்வப்போது கையிலிருந்து நழுவும், அதற்குக் கோப்பையைத்தான் திட்டுவாள். கரண்டியால் சாப்பிடுவது அவளுக்குப் பெரிய அவமானம், அதனால் விருந்தாளிகள் வந்தால் பசிக்கவில்லை என்பாள். போனது வரவில்லை. அதற்குமேல் போகவுமில்லை.

அம்மா தேறியதோடு கதை முடிந்திருந்தால் நான் இதை எழுதியிருக்கமாட்டேன். ஒன்றுமில்லை என்று நாங்கள் அனுப்பிய அத்தனை பெண்களையும் மறுபடி பார்க்க வேண்டும் என்றார் பேராசிரியர். ஒவ்வொரு தோட்டமாக, ஒவ்வொரு லயமாக ஏறி இறங்கினோம். இந்த முறை எண்ணவில்லை. விரல்களை நீட்டச் சொல்லிவிட்டுச் சும்மா பார்த்துக்கொண்டிருந்தோம். எத்தனையோ பேருக்கு நேராகவே நின்றது. ஆனால் சிலருக்குச் சின்னவிரல் விலகும். வட்டவளைப் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் நாங்கள் போனபோது ஒருத்தி ஏற்கெனவே படுக்கையில் விழுந்துவிட்டிருந்தாள். கையும் அசையவில்லை, காலும் அசையவில்லை. பெரட்டுக்களத்தில் எங்களிடம் கை காட்டிவிட்டுப் போனவள்தான். பேராசிரியர் கட்டிலருகே நின்று தான் யார் என்று சொன்னார். அந்தப் பெண் திட்டவில்லை. “நடந்தா வந்தீங்க? தேத்தண்ணி குடிச்சீங்களாங்க?” என்று கேட்டாள்.

பிறகு இரண்டாவது கட்டுரையை எழுதினார். சக பேராசிரியர்கள் வேண்டாம் என்றார்களாம். சின்னதாக ஒரு திருத்தக் குறிப்புப் போதும், யார் கேட்கப்போகிறார்கள், இத்தனை வருஷம் சேர்த்த பெயரை நீங்களே ஏன் கெடுத்துக்கொள்கிறீர்கள் என்று கேட்டிருக்கிறார்கள். அவர் கேட்கவில்லை. தன்னுடைய முந்தைய முடிவு தவறு என்பதைத் தலைப்பிலேயே போட்டார். அன்றாட வேலையில் பழகிப்போன கை பரிசோதனையை எப்படி ஏமாற்றும், எண்ணிக்கைக்குப் பதிலாக எதைப் பார்க்க வேண்டும், கண்ணை மூடி நிற்கவைப்பது ஏன் அவசியம் என்றெல்லாம் படங்களோடு எழுதினார். இன்றைக்கு அவர் பெயரைச் சொல்கிறவர்கள் அந்தக் கட்டுரையைத்தான் சொல்கிறார்கள். தறியில் நெய்கிறவர்கள், கூடை முடைகிறவர்கள் என்று வேறு வேறு கைகளைப் பார்த்த ஆய்வாளர்களும் அதை எடுத்தாண்டிருக்கிறார்கள். ஓய்வு பெற்றபோது நடந்த பாராட்டுக் கூட்டத்தில் அதைத் துணிச்சல் என்று ஒருவர் புகழ்ந்தார். பேராசிரியர் பக்கத்தில் இருந்த என் காதில், “துணிச்சல் இல்லை பிள்ளை, பயம்” என்றார்.

அந்தப் பயம் எனக்கும் விட்டபாடில்லை. ஏனென்றால் முதல் கட்டுரை இன்னும் சாகவில்லை. இணையத்தில் தேடினால் அதுதான் முதலில் வந்து நிற்கிறது. திருத்தத்தைத் தேடிப் படிக்க யாருக்கு நேரம்? போன மாதம்கூட எங்கள் ஆஸ்பத்திரிக்குப் புதிதாக வந்த இளம் டாக்டர் ஒருவர், நல்ல பையன், கெட்டிக்காரன், தோட்டத்துப் பெண் ஒருத்தியின் கையை எண்ணிப் பார்த்துவிட்டு ஒன்றுமில்லை என்று அனுப்பப் பார்த்தார். நான் குறுக்கே விழுந்து இரண்டாவது கட்டுரையைக் காட்டினேன். “ஐயோ, இப்படி ஒன்று இருக்கிறதா?” என்றார். நான் இல்லாத ஆஸ்பத்திரிகளில் என்ன நடக்கிறதோ.

நாங்கள் தேடிப் போன பெண்களில் ஒருத்தியை மட்டும் பார்க்கவே முடியவில்லை. கடைசிக் காம்பரா அக்கா. நாங்கள் லயத்துக்குத் திரும்பிப் போவதற்குள் அவள் வெளிநாட்டுக்கு வீட்டு வேலைக்குப் போய்விட்டிருந்தாள். ஒரு வீட்டிலிருந்து இன்னொரு வீட்டுக்கு மாறினாள் என்றார்கள், எண் மாறிவிட்டது என்றார்கள், பிறகு அவள் குடும்பமும் லயத்தை விட்டு எங்கேயோ போய்விட்டது. பேராசிரியர் ஒவ்வொரு தைப்பொங்கலுக்கும் எனக்கு வாழ்த்துச் சொல்ல எடுப்பார். வாழ்த்து முடிந்ததும், “அந்தப் பிள்ளை கிடைச்சிட்டாவோ?” என்று கேட்பார். இல்லை என்பேன். ஹட்டன் பஸ் நிலையத்தில் அவள் சாயலில் யாராவது தெரிந்தால் நான் ஓடிப்போய் முகத்தைப் பார்ப்பேன்.

போன வாரம் கிடைத்தாள். அவளுடைய மகள் கொழும்பில் ஒரு கடையில் வேலை செய்கிறாளாம். யாரோ சொல்லி, யாரோ விசாரித்து, அந்த மகளிடமிருந்து அக்காவின் எண் என் கைக்கு வந்தது. பேராசிரியர் தானும் இருக்க வேண்டும் என்றதால் கண்டியில் அவர் வீட்டுக்குப் போய், அங்கிருந்து வீடியோவில் கூப்பிட்டேன். சமையலறை ஒன்றில் நின்றபடி அக்கா எடுத்தாள். முகம் ஒட்டிப்போயிருந்தது, சிரிப்பு மட்டும் அதே சிரிப்பு. “ஏ புள்ள! நீயா? அம்மா எப்புடி இருக்காங்க? என்னா திடீர்னு?” சுற்றி வளைக்க எனக்குத் தெம்பில்லை. “அக்கா, போனச் சாத்தி வச்சிட்டு, ரெண்டு கையயும் நீட்டிக் காட்டுங்க. விரல ஒட்டி வச்சிருங்க” என்றேன். “என்னா, சத்தியமா வாங்கப்போற?” என்று கேலி பண்ணிக்கொண்டே நீட்டினாள். பேராசிரியர் கண்ணாடியைத் தூக்கி நெற்றியில் வைத்துக்கொண்டு திரைக்கு மிக அருகில் வந்தார்.

முதலில் நேராகத்தான் இருந்தது. சாமி, சாமி என்றது என் உள்ளம். அக்கா எதையோ சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தாள். மேல்மாடிக்குத் துணி தூக்கும்போது படியில் விழுந்துவிட்டதாகவும், இங்கே டைல்ஸ் ரொம்ப வழுக்கும் என்றும் சொன்னாள். சொல்லிக்கொண்டிருக்கும்போதே வலது கைச் சின்னவிரல் விலகியது. பிறகு இடது கையிலும். மெல்லத் தாழ்ந்து, உள்ளே மடங்கின. அவள் தன் கையைப் பார்க்கவில்லை, என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். “என்னா புள்ள, மொகம் இப்புடிப் போகுது? கை நேராத்தானே இருக்கு?” என்றாள்.

பேராசிரியர் போனை வாங்கினார். தான் யார் என்று சொன்னார், அக்கா சந்தோஷத்தில் கூவினாள். அவள் கூவி முடிக்கும்வரை காத்திருந்துவிட்டு, “பிள்ளை, அண்டைக்கு நான் உங்களுக்குச் சொன்னது பிழை. உங்கட கழுத்தில வருத்தம் இருக்கு போல கிடக்கு. பாரம் தூக்காதேங்கோ. கெதியா ஊருக்கு வாங்கோ” என்றார். அக்காவின் முகத்திலிருந்து சிரிப்பு கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியது. அப்போதுதான் குனிந்து தன் கையைப் பார்த்தாள். ஒரு விரலை மற்றக் கையால் நிமிர்த்திவிட்டாள். அது மறுபடி மடங்கியது. “எப்புடிங்க வர்றது? பாஸ்போட்டு வீட்டுக்காரங்க கையிலதானே இருக்கு” என்று அடங்கிய குரலில் சொன்னாள். பின்னாலிருந்து யாரோ ஒரு பெண் குரல் புரியாத பாஷையில் கூப்பிட்டது. அந்தப் பக்கம் அதே பாஷையில் ஏதோ பதில் சொன்னவள், எங்கள் பக்கம் திரும்பி, “எத்தன நாளைக்கிங்க தாங்கும்?” என்று கேட்டாள்.

பொய் சொல்லத் தெரியாத பேராசிரியர் வாயைத் திறந்தார். அதற்குள் திரை இருண்டுவிட்டது. “இன்னொருக்கா எடுங்கோ பிள்ளை” என்றார். எடுத்தேன். மணி போனது. யாரும் எடுக்கவில்லை. அன்றிலிருந்து தினமும் எடுக்கிறேன், மகளிடம் இருந்ததும் அந்த ஓர் எண்தான். பேராசிரியர் அந்த நாட்டில் உள்ள நம் தூதரகத்துக்கு எழுதியிருக்கிறார், வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்துக்கு எழுதியிருக்கிறார், தனக்குத் தெரிந்த வைத்தியர்களுக்கெல்லாம் எழுதியிருக்கிறார். இன்று காலையும் அவளுடைய எண்ணை அழுத்திவிட்டுக் காதில் வைத்திருந்தேன். மணி போய்க்கொண்டே இருந்தது.